நாய்க்கும் வேண்டும் உலாவல்! தினமும் எத்தனை தடவை?

நாயைத் தினமும் வெளியே அழைத்துப் போகாவிட்டால் அபராதம்!

இத்தாலி நாட்டில் உள்ள தூரின் நகரத்தில், 2005-ம் ஆண்டு இப்படி ஒரு சட்டம் வந்தது. நாய் வளர்ப்பவர்கள் அதை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது உலாவ அழைத்துப் போக வேண்டும். தவறினால் 500 யூரோ வரை அபராதம்! சைக்கிளில் போகிறவர்கள் நாயைக் கூட ஓடவிட்டுச் செல்லலாம். ஆனால், அது களைத்துப் போகும்படி ஓட்டக்கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

ஜெர்மனியில் விவசாய மந்திரியாக இருந்த யூலியா க்ளொக்னர், 2020-ல் ஒரு திட்டம் கொண்டு வந்தார். தினம் இரண்டு தடவை, மொத்தம் ஒரு மணி நேரமாவது நாயை வெளியே விட வேண்டும் என்பது திட்டம். உடனே எதிர்ப்பு கிளம்பியது. எல்லா நாய்க்கும் ஒரே கணக்கா என்ற கேள்வி எழுந்தது. கடைசியில், 2022-ல் அமலுக்கு வந்த சட்டத்தில் மணிக்கணக்கு இல்லை. நாய்க்குப் போதுமான நடமாட்டம் வேண்டும் என்பது மட்டும் நின்றது.

எத்தனை தடவை?

அப்படியானால் கணக்குதான் என்ன?

நல்ல உடல்நலம் உள்ள நாய்க்கு, காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். பொதுவாக இது போதும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்றவை வேட்டைக்கு வளர்ந்த சாதிகள். அவற்றுக்கு நடை மட்டும் போதாது. வேலி உள்ள இடத்தில் ஓடவும் விட வேண்டும்.

கிழட்டு நாய்க்குக் கொஞ்ச தூரம், பல தடவை. மூக்கு சப்பையான 'பக்' நாய்க்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். அதை மெதுவாக நடத்த வேண்டும்.

குட்டிக்கு முதல் தடுப்பூசிகள் முடியும்வரை, மற்ற நாய்கள் திரியும் தெருவில் இறக்கி விடாதீர்கள். 'பார்வோ' என்ற கொடிய நோய் தொற்றிக்கொள்ளும்.

கட்டிப் போட்டால்...

நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் என்ன செய்யும்? ஓயாமல் குரைக்கும். செருப்பைக் கடித்துக் குதறும். உடம்பு பெருத்து, மூட்டு வலிக்கும்.

நடக்கும்போது நாய் அடிக்கடி நின்று மண்ணை முகரும். இழுக்காதீர்கள்! நாம் வேடிக்கை பார்ப்பது கண்ணால். அது வேடிக்கை பார்ப்பது மூக்கால்!

வெயில் ஜாக்கிரதை!

நமக்கு வியர்ப்பது போல் நாய்க்கு வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு, மூச்சிரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணிக்கிறது. ஆகவே, வெயில் ஏறும் முன்பும், பொழுது சாய்ந்த பிறகும் அழைத்துப் போங்கள்.

தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி பொறுக்க முடியவில்லையா? நாயின் பாதமும் பொறுக்காது. அதற்குச் செருப்பு ஏது?

நாய் கடுமையாக மூச்சிரைத்து, எச்சில் வடித்து, தள்ளாடினால் ஆபத்து. உயிரே போகலாம். உடனே நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள். உடம்பு நனையத் தண்ணீர் ஊற்றுங்கள். கால்நடை டாக்டரிடம் கொண்டு போங்கள்.

தெருவில் மற்றவர்களும் நடக்கிறார்கள்!

வெளியே போகும்போது கழுத்துப் பட்டையும் கயிறும் கட்டாயம். பெரிய நாயைச் சிறு பிள்ளைகளிடம் தனியாக ஒப்படைக்காதீர்கள். அது அசிங்கம் செய்தால், காகிதத்தில் எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். யாரையாவது நாய் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு, 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால், பிழைப்பது அரிது.

சோறு போட்டுக் கட்டி வைப்பது மட்டும் வளர்ப்பு ஆகாது. தினம் இரண்டு தடவை சங்கிலியை அவிழ்க்க வீட்டில் யாருக்காவது நேரம் உண்டா? அதை முதலில் பாருங்கள். பிறகு நாய் வாங்குங்கள்!