உஷார்! தேன் தடவிய போன்

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் படிக்க வருகிற பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவைக்கிற வீட்டாரும் கொஞ்சம் கவனியுங்கள். பாலியல் வலை என்றாலே பஸ் ஸ்டாண்டில் விசிலடிக்கும் மைனரைத்தான் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த ஊரை நாடெங்கும் பேசவைத்த வழக்கில் வலை வீசியவர் ஒரு பெண். அதுவும் பாடம் நடத்தியவர்.

2018இல் இங்குள்ள தேவாங்கர் கலைக் கல்லூரியின் கணித உதவிப் பேராசிரியை நிர்மலாதேவி மாணவிகளிடம் போனில் பேசியது ஏறக்குறைய 20 நிமிடம். மிரட்டல் இல்லை, அதட்டல் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பெரிய ஆட்களுக்கு 'ஒத்துழைத்தால்' மதிப்பெண்ணும் பணமும் வரும் என்று இதமாகவே பேசினார். பிள்ளைகள் மறுத்தார்கள், பேச்சைப் பதிவு செய்தார்கள், புகாரும் கொடுத்தார்கள். ஏப்ரலில் ஒலிப்பதிவு வெளியானது. கைது, சிபிசிஐடி விசாரணை, ஆளுநர் அமைத்த சந்தானம் குழு என்று நீண்டது. 2024 ஏப்ரல் 30 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் நிர்மலாதேவிக்கு 10 ஆண்டு சிறையும் 2.42 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட ஆண்கள் இருவர் விடுதலையானார்கள்.

இந்தத் தூண்டில் இங்கே ஏன் எளிதாக மாட்டுகிறது? மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் போடுகிற கரிசக்காட்டு வீட்டில் முதல் டிகிரி படிக்கிற பெண்ணுக்கு இன்டெர்னல் மார்க் லேசுப்பட்டதில்லை. அதைவிடப் பெரியது வீட்டுப் பயம். "வெளிய தெரிஞ்சா நம்மளத்தான் பேசுவாங்க, படிச்சது போதும்" என்று வருகிற தையிலேயே கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். வலை வீசுகிறவர்களுக்கு இந்தப் பயம்தான் முதல். மகனிடம் இப்படி ஒரு பயத்தை எந்த வீடும் வளர்ப்பதில்லை.

கேட்காமலே வருகிற சலுகை, ராத்திரி நேர நலவிசாரிப்பு, "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்கிற பேச்சு... மார்க் போடும் இடத்தில் இருப்பவரிடமிருந்து இவை வந்தால் உஷார். அழைப்புப் பதிவையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். குரூப்பிலும் போடாதீர்கள், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படியும் 2015 யுஜிசி விதிகளின்படியும் கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். நோட்டீஸ் போர்டில் குழுவினர் பெயரைக் காணோம் என்றால், பெற்றோரே, அட்மிஷன் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். கல்லூரி மழுப்பினால் மகளிர் உதவி எண் 181ஐக் கூப்பிடுங்கள். முதலாண்டு சேரும் பிள்ளைகளில் பலருக்கு 17 வயதுதான். அவர்களுக்குப் போக்சோ சட்டம் உண்டு, சிறார் உதவி எண் 1098க்கும் கூப்பிடலாம்.