சாவோ வீட்டுக் கொல்லைப்புறம்

முன்வாசல் வேண்டாம், அங்கே வேலும் வாளுமாகக் காவல் நிற்கிறது. வடசீனத்தையே கைக்குள் வைத்திருக்கும் தளபதி சாவோ சாவோவின் மாளிகை ஆயிற்றே! கொல்லைப்புறமாக வாருங்கள். பாட்டுக்காரப் பெண்கள் சுருதி சேர்க்கும் சத்தம் வருகிறதா? சீனக் கவிதையின் தலையெழுத்து மாறியது இந்தப் பக்கத்தில்தான்!

ஊர் யே நகரம். காலம் கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதுவரை படித்தவர்களுக்குப் பெருமை என்றால் அரண்மனையையும் வேட்டையையும் பக்கம் பக்கமாக வர்ணிப்பது. பாட்டெல்லாம் பாடகர்களின் சரக்கு. கட்டியவர் பெயர்கூடத் தங்காது. சாவோ சாவோ என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பழைய பாட்டுகளின் தலைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே தான் பார்த்த போரையும் பசியையும் வெட்டவெளியில் கிடந்த எலும்புகளையும் எழுதினார். எழுதியதை உடனே குழலும் யாழும் சேர்த்துப் பாடவும் வைத்தார்.

ஆனால் என் கண் பியான் அம்மையார் மேல்தான். வீட்டு எஜமானி, கவிஞர்களான சாவோ பி, சாவோ ஜி இருவரையும் பெற்றவர். பிறந்ததோ பாடகர் குடும்பத்தில்! தாலாட்டிலேயே பயிற்சி தொடங்கியிருக்கும் என்று சொன்னால் யார் மறுப்பார்கள்?

210-இல் யே நகரில் 'வெண்கலப் பறவை' மாடம் எழும்பத் தொடங்கியது. முடிந்ததும் அப்பா பிள்ளைகளை மேலே அழைத்துப்போய், ஆளுக்கொரு கவிதை எழுதுங்கள் என்றார். சாவோ ஜி தூரிகையை எடுத்தான், முடித்துவிட்டான். அப்பாவே அசந்துபோனார். இதே பையன் யாரிடமோ எழுதி வாங்குகிறான் என்று ஒரு காலத்தில் சந்தேகப்பட்டவர் அவர்தான்!

வேலைக்குச் சேர்த்த ஆட்களைப் பாருங்கள். எதிரி முகாமில் இருந்தபோது சாவோ சாவோவின் மூன்று தலைமுறையையும் கிழித்து அறிக்கை எழுதியவர் சென் லின். பிடிபட்டார். தலை போகவில்லை, எழுத்தர் வேலை கிடைத்தது! இன்னொருவர் வாங் சான், கழுதை கத்துவதைக் கேட்டால் மகிழ்ந்துபோவார். 217-இல் அவர் இறந்தபோது, ஆளுக்கொரு முறை கத்தி வழியனுப்புங்கள் என்றாராம் சாவோ பி. துக்கத்துக்கு வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் கத்தினார்களாம்.

அந்த சாவோ பி சாதாரணர் இல்லை. அடிக்கு ஏழு அசை வைத்து அவர் எழுதிய பாட்டுதான் அந்த வகையில் முழுதாகக் கிடைப்பவற்றில் மிகப் பழையது. சீனத்தின் முதல் இலக்கிய விமர்சனக் கட்டுரையும் அவருடையதே. 220-இல் பேரரசரும் ஆனார். அதன்பின் தம்பிக்கு நிம்மதி இல்லை. ஏழு அடி நடப்பதற்குள் கவிதை சொல், இல்லையேல் சாவு என்று மிரட்டிய கதை பின்னால் முளைத்தது, நான் நம்பவில்லை. சாவோ ஜியை ஊர் ஊராக மாற்றிக் கண்காணித்தது மட்டும் நிஜம். 232-இல் இறக்கும்வரை அந்த அலைச்சலில் எழுதியவை ஐந்தசைக் கவிதையை உச்சிக்கு ஏற்றின.

6-ஆம் நூற்றாண்டில் ஜோங் ரோங் என்ற விமர்சகர் கவிஞர்களுக்குத் தரம் போட்டார். தம்பி மேல்தரம், அண்ணன் நடுத்தரம், அப்பா... கடைசித் தரம்! சாவோ சாவோ அதைப் படித்திருந்தால் ஜோங் ரோங்குக்கும் ஒரு எழுத்தர் வேலை கொடுத்திருப்பார்.