ஆய்வுகூடமும் அங்காடியும்

கற்றோன் ஒருவன் தான் கண்டறிந்ததைத் தொழிலாக்க முற்படுவது அவனது துணிவினால் மாத்திரமன்று. அவன் யாருடன் பழகுகின்றான் என்பதும் அதற்குக் காரணமாகும். அமெரிக்க உயிரியல் ஆய்வாளரைப் பற்றி ஸ்ருவேட், டிங் என்னும் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையும் இதனையே உணர்த்திற்று: உடன் பணியாற்றுவோர் தொழிலில் இறங்கியிருப்பின், தாமும் இறங்குவோர் மிகுவர்.

இதற்குத் தக்க சான்று சென்னையிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகமாகும். அங்கே பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சகாக்களும் 'டெநெட்' என்னும் குழுவை அமைத்தனர். அக்கழகத்தின் பழைய மாணவர் சிலர் 1990ஆம் ஆண்டுகளில் 'மைடாஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். கிராமங்களுக்குக் கம்பியில்லாத் தொலைபேசி இணைப்பு வழங்கும் 'கோர்டெக்ட்' முறை இவ்விரு சாராரின் கூட்டு முயற்சியால் உருவாயிற்று. வேண்டிய நுண்சில்லுகளுக்கு அனலொக் டிவைசஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் துணைநின்றது. ஆசிரியர் அறிவும் மாணாக்கர் உழைப்பும் தொழிலதிபர் உதவியும் ஒருங்கு கூடியமையால் அது கைகூடிற்று. அதனைக் கண்டு வேறு பல நிறுவனங்களும் அங்கு எழுந்தன.

இனி எமது வன்னியை நோக்குவோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் உள. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அருகே இரணைமடுவின் வயல்கள். அப்பால் முல்லைத்தீவின் கடல். ஆய்வாளரும் உளர், ஆராயத்தக்க பொருளும் உண்டு. வங்கியாளரோடும் வணிகரோடும் அவர்களைப் பிணைக்கும் வட்டமே வேண்டுவது. பேராசிரியரோடு பேராசிரியர் மாத்திரமே பழகின், ஆய்வு கட்டுரையளவில் நின்றுவிடும்.

பழைய மாணவர் சங்கம் அத்தகைய வட்டமன்றோ? ஒரே வாங்கிலிருந்து பயின்றோருள் ஒருவர் ஆலை நடத்துகின்றார். ஒருவர் ஆய்வுகூடத்தில் இருக்கின்றார். ஒருவர் கடல்கடந்து வாழ்கின்றார். ஆண்டு விருந்தில் மாத்திரம் சந்திக்கும் இம்மூவரும் ஒரு நாள் அறிவியல் நகரிற் கூடுவாராயின், அதுவே எம் கல்லூரிக்கு நாம் அளிக்கும் விழாக்காணிக்கையாகும்.