தீவுகளில் நர்ஸிங் ஹோம்களின் தரம்

ஒரு நர்ஸிங் ஹோமில் நோயாளிகள் நன்கு கவனிக்கப்படுகின்றனரா என்பதை அறிய, அங்கு நிகழும் மரணங்களைக் கணக்கிட்டால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இக்கணக்கு ஏமாற்றிவிடும். சிறு தீவுகளில் நோய் முற்றியவர்கள் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 வரை போர்ட் பிளேர்) அனுப்பப்படுகின்றனர். அங்கிருந்தும் சிலர் ஏறக்குறைய 1,360 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குச் செல்கின்றனர். மரணம் நேரின் அது சென்றடைந்த இடத்தின் ஏட்டில் பதிவாகும்; அனுப்பிய இடத்தின் ஏடு தூய்மையாகவே இருக்கும்!

1966-ஆம் ஆண்டில் அவெடிஸ் டோனபெடியன் என்னும் மருத்துவ அறிஞர், சிகிச்சையின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று வழிகளில் ஆராயலாம் என்றார். இத்தீவுகளில் 2012 மார்ச் 1 முதல் அமுலிலிருக்கும் மருத்துவ நிலையங்கள் சட்டம் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கோருகிறது. கட்டடமும் கருவிகளும் ஊழியரும் உள்ளமை இதனால் புலப்படும். நள்ளிரவில் அவை நோயாளிக்குப் பயன்பட்டனவா என்பது வேறு கேள்வி.

எழ இயலாத நோயாளியை அவ்வப்போது புரட்டிப் படுக்க வைக்காவிடில், அழுந்தும் இடங்களில் இரத்த ஓட்டம் குன்றித் தோல் புண்ணாகிறது. ஆகவே ஆய்வாளர் ஏட்டோடு நில்லாமல், நோயாளியின் இடுப்பின் பின்புறத்தையும் குதிகாலையும் பார்த்தல் வேண்டும். நாடியும் இரத்த அழுத்தமும் எப்பொழுது மாறின, வெளியே அனுப்பும் முடிவு எப்பொழுது எடுக்கப்பட்டது என்பதையும் ஒப்பிட வேண்டும். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் இவ்விடைவெளியே உயிரை நிர்ணயிக்கக் கூடும். அனுப்பப்பட்டவர் பின்னர் என்ன ஆனார் என்பதும் கேட்டறியப்பட்டு, அனுப்பிய இடத்தின் கணக்கிலேயே சேர்க்கப்படுதல் முறை.