ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீட்டு வாசல் வரை



சென்ற மாதம் ஒரு சபையின் பெரியவர் எங்களைப் பார்க்க வந்திருந்தார். "அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. உங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு ஒரு நல்ல மெஷின் வாங்கித் தரலாமா?" என்று அன்போடு கேட்டார். நன்றி சொன்னோம். ஆனால் உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. கள்ளிக்குப்பத்தில் உள்ள ஒரு வீடு எங்கள் நினைவுக்கு வந்தது. அவருக்கு அன்று சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறோம்.

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு சகோதரர், எஸ்டேட்டில் லேத் வேலை பார்த்து வந்தவர். ஐம்பது வயதுக்கு முன்னமே பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. எங்களிடம் மூன்று வாரம் இருந்தார். இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்துப் பிடித்து நடக்கப் பழகினார். வீட்டுக்குப் போன நாளில் தாமே நாலு அடி நடந்து ஆட்டோவில் ஏறினார். எங்களுக்கு மெத்த சந்தோஷம். செய்யவேண்டிய பயிற்சிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னோம். அவர் வரவில்லை.

நான்காம் மாதம் எங்கள் பிசியோதெரபிஸ்ட் சகோதரி முகவரியை விசாரித்துக்கொண்டு போனார். வீடு மாடியில். படிகள் குறுகல், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கழிப்பறை கீழே, அதுவும் குந்தி உட்காரும் விதமானது. அவர் கட்டிலை விட்டு இறங்கியே பல வாரங்கள் ஆகியிருந்தன. பின்னங்கால் தசை இறுகி, குதிகால் தரையில் படியவில்லை. அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போதெல்லாம் மனைவி பலமில்லாத கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். தோள்மூட்டு இறங்கி, தொட்டாலே வலி. "தாள்ல படம் போட்டிருந்துச்சு சிஸ்டர். ஆனா இங்க கம்பி இல்லையே, எதைப் பிடிச்சு நடக்கிறது?" என்று அந்த அம்மா கேட்டார்கள்.

தவறு எங்களுடையது. இந்தத் தொழில் கடந்துவந்த வழியைப் பார்த்தால் இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

நான்கு நர்சுகள் செய்த ஆரம்பம்

உடற்பயிற்சியால் சரீரத்தைச் சீர்ப்படுத்தும் முறையை ஸ்வீடன் தேசத்தில் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-இல் ஒரு கல்விநிலையம் வைத்துக் கற்பித்தார். 1894-இல் லண்டனில் நான்கு நர்சுகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். மசாஜ் என்ற பெயரில் தகாத காரியங்கள் நடந்து, நேர்மையாக வேலை செய்த பெண்களுக்கும் கெட்டபெயர் வந்த காலம் அது. ஆகவே பரீட்சை வைத்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் சிகிச்சை செய்யவேண்டும் என்று விதியும் வைத்தார்கள். அந்த விதி தொழிலுக்கு மரியாதையைத் தேடித் தந்தது. டாக்டர் சொல்வார், சிகிச்சையாளர் செய்வார், நோயாளி படுத்திருப்பார் என்பதும் வழக்கமாயிற்று.

முதல் உலகப் போரில் காயப்பட்ட சிப்பாய்களும், பின்னர் இளம்பிள்ளை வாதம் தாக்கிய பிள்ளைகளும் பெருகியபோது இந்தச் சிகிச்சையின் தேவை பல மடங்கானது. நம் நாட்டில் 1950-களின் தொடக்கத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பம்பாயில் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. 1955-இல் இந்திய பிசியோதெரபிஸ்டுகள் சங்கம் உருவானது.

வேலூரில் கற்ற பாடம்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். அதில் ஒரு முறையைச் சொல்கிறோம். மோதிர விரலை மடக்கும் தசைநார்களில் ஒன்றை எடுத்துப் பெருவிரலுக்கு மாற்றிக் கட்டுவார்கள். கத்தியின் வேலை அதோடு முடியும். ஆனால் இத்தனை வருஷமாக ஒரு விரலை மடக்கிய தசை, இனி வேறொரு விரலை அசைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமே! ஆபரேஷனுக்கு முன்பு இறுகிய விரல்களை நீவி இளக்குவதும், பின்பு அந்தத் தசைக்குப் புது வேலையை நாள்தோறும் பழக்குவதும் பிசியோதெரபியின் பங்கு. அது இல்லாவிட்டால் ஆபரேஷன் வீண்.

இன்னொரு பாடமும் அங்கே கிடைத்தது. கை சரியாகி ஊருக்குப் போன சிலர் மனமடிவோடு திரும்பி வந்தார்கள். கை நேரானதால் பிச்சை விழவில்லை. தொழுநோய்த் தழும்பு இருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. ஆகவேதான் அவர்கள் தங்கித் தொழில் பழக நவஜீவ நிலையம் தோன்றியது. கையைச் சரிசெய்வது பாதி வேலை, அந்தக் கை போய்ச் சேரும் வாழ்க்கையையும் பார்க்கவேண்டும் என்று வேலூர் கண்டுகொண்டது.

அதை முழுமையாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நடந்த ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அவருடைய கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வீட்டைத் தேடி

அதற்குள் உலகத்திலும் வழக்கம் மாறிக்கொண்டிருந்தது. டாக்டரின் சீட்டு இல்லாமலே பிசியோதெரபிஸ்ட் நோயாளியைப் பரிசோதித்துத் தீர்மானிக்கலாம் என்று ஆஸ்திரேலியாவில் 1976-லும் பிரிட்டனில் 1977-லும் ஒப்புக்கொண்டார்கள். சொன்னதைச் செய்தவர்கள், தாங்களே பார்த்து முடிவு செய்யும் பொறுப்புக்கு வந்தார்கள். 1978-இல் அல்மா ஆட்டா மாநாட்டுக்குப் பின், மறுவாழ்வுப் பணி ஊருக்குள்ளே, குடும்பத்தாரைக் கொண்டே நடக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. நம் நாட்டில் இவர்களை உட்படுத்திய சட்டம் 2021-இல் நிறைவேறியது. அதே வருஷம் ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடும் உண்டு.

நோய்களும் மாறிவிட்டன. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாகக் கண்டது 2011 ஜனவரியில். இன்று எங்களிடம் வருகிறவர்களில் பலர் பக்கவாதம் கண்டவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள். பக்கவாதத்தில் கையிலும் காலிலும் கோளாறு இல்லை. மூளையில் ஒரு பகுதி பழுதாகிறது. பழுதாகாத பகுதி அந்த வேலையைக் கற்றுக்கொள்ள, அன்றாடம் செய்யும் காரியத்தையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அவருக்கு வேண்டியது தம் வீட்டுப் படியில் இறங்குவது. நாங்களோ ஆஸ்பத்திரிக் கம்பிக்குள் நடக்கக் கற்றுக் கொடுத்து அனுப்பினோம்.

அந்தச் சகோதரி அதன் பிறகு வாரம் இருமுறை போனார். கையை இழுக்காமல், முதுகுப்புறம் தோள்பட்டையின் பின்னே கைகொடுத்து எழுப்ப மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார். உட்காரும்போது கைக்குக் கீழே தலையணை. காலையும் மாலையும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தரையில் ஊன்றி நிற்பது. வீட்டுக்காரரிடம் பேசிப் படிக்கட்டு ஓரமாக ஒரு இரும்புக் குழாய் பொருத்தச் செய்தார். கழிப்பறைக்கு நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்று வாங்கினோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலமில்லாத கால் முதலில் என்று ஒவ்வொரு படியாகப் பழக்கினார்.

ஏழு மாதம் ஆயிற்று. இப்போது அவர் தினமும் இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். கழிப்பறைக்குத் தாமே போய்வருகிறார். மனைவி மறுபடி வேலைக்குப் போகிறார். உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும்: வலது கை விரல்கள் இன்னும் திறக்கவில்லை. லேத் வேலைக்குத் திரும்ப முடியாது. தோள்வலி முழுதும் நீங்கவில்லை. நாங்கள் வீணாக்கிய அந்த நான்கு மாதத்தில் அவர் எவ்வளவு தேறியிருப்பார் என்று எண்ணும்போது மனது வலிக்கிறது.

இதையெல்லாம் கேட்ட சபைப் பெரியவர், "அப்படியானால் மெஷின் வேண்டாமா?" என்றார். மெஷினுக்கும் உபயோகம் உண்டு. வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு முதலில் தேவை வீடுகளுக்குப் போய்வர இன்னொரு பிசியோதெரபிஸ்ட். ஒருவர் ஒரு நாளில் நான்கு வீடுகளுக்கு மேல் போகமுடியாது. வீட்டுக்குப் போகும் நோயாளிகளின் பெயர்களோ மாதந்தோறும் கூடுகின்றன. அவருடைய சம்பளம், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல், சில ஊன்றுகோல்கள், நாற்காலிகள், இரும்புக் குழாய்கள் ஆகியவைதான் செலவு. பெயர் பொறித்த பலகை மாட்ட இதில் இடமில்லை என்றும் அவரிடம் சொன்னோம். பெரியவர் சிரித்துக்கொண்டே, சபையாரிடம் பேசுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

பெதஸ்தா குளத்தருகே நெடுங்காலம் படுத்திருந்தவனுக்குத் தூக்கிவிட ஓர் ஆள் இல்லாததே குறையாக இருந்தது. உங்கள் தெருவிலும் மாடியறையில் யாராவது அப்படிப் படுத்திருக்கலாம். அவர்களைப்பற்றி எங்களுக்கு எழுதுங்கள். வீடு வீடாய்ப் போய்வரும் எங்கள் சகோதரிக்காகவும், கள்ளிக்குப்பத்துக் குடும்பத்துக்காகவும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.