பிறப்புச் சான்றிதழ் இல்லாத கார்

சொந்தக் கையால் காரை உருவாக்கிவிடலாம். அதற்கு நம்பர் பிளேட் வாங்குவதுதான் முடியாத காரியம்.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் கார் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். பூங்காவைச் சுற்றி மரங்கள் கவிந்த தெருக்கள், பழைய கன்டோன்மென்ட் பங்களாக்களில் மிச்சமிருக்கும் சில, அவற்றின் போர்டிகோவில் தார்ப்பாய் போர்த்திய பழைய கார். கொஞ்ச தூரத்தில் சிவாஜி நகர். பிரித்துப்போட்ட வண்டிகளின் எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் அங்கே கிடைக்கும். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, பெங்களூருக்கு அது அப்படி. வெல்டிங் தெரிந்த ஆளும், ஃபைபர் கிளாஸ் வார்க்கத் தெரிந்த பட்டறையும் கிடைத்துவிட்டால் ஷெட்டிலேயே ஒரு கார் பிறந்துவிடும்.

பிறந்த கார் ஓடவும் செய்யும். கேட் வரைக்கும். அதைத் தாண்டினால் சட்டம் காத்திருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 39 சொல்வது ஒரே வரிதான்: பதிவு செய்யாத வாகனத்தைப் பொது இடத்தில் யாரும் ஓட்டக்கூடாது. மீறினால் முதல் தடவை ரூ. 2,000 முதல் ரூ. 5,000 வரை அபராதம். மறுபடியும் மாட்டினால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ. 10,000 வரை அபராதம். சரி, பதிவு செய்துகொண்டால் போகிறது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விண்ணப்பம் படிவம் 20. அதை எவரும் நிரப்பலாம். அதோடு படிவம் 21 வேண்டும். அது விற்பனைச் சான்றிதழ். சொந்தமாகச் செய்த காரை விற்றது யார்? அடுத்து படிவம் 22. வண்டி சாலையில் ஓடத் தகுதியானது, பாதுகாப்பு மற்றும் மாசு விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் தரும் சான்று அது. தயாரிப்பாளர் யார்? "நான்தான்" என்று சொன்னால் போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126வது விதிப்படி, தயாரிப்பாளர் தன் மாதிரி வாகனத்தை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் ஒன்றில் ஒப்படைத்துத் தேர்ச்சி பெற வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை அந்த நிலையங்கள்.

பிரேக், விளக்கு, ஹாரன், சீட் பெல்ட், புகை என்று பரிசோதனைப் பட்டியல் நீள்கிறது. மோதல் சோதனையும் உண்டு. அதாவது காரைச் சுவரில் மோதி நொறுக்கிப் பார்ப்பார்கள். லட்சக்கணக்கில் கார் விற்கும் கம்பெனிக்கு ஒன்றிரண்டு கார் நொறுங்குவது பெரிய செலவல்ல. இருப்பதே ஒரு கார் என்றால்? பரீட்சையில் தேறும்போது பரீட்சை எழுதிய பிள்ளையே இருக்காது.

இன்று பதிவு முழுவதும் 'வாகன்' என்ற கணினி அமைப்பில் நடக்கிறது. அங்கீகாரம் பெற்ற மாடல்களின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் விண்ணப்பம் நகரும். கவுன்ட்டரில் இருக்கும் குமாஸ்தா மனம் இரங்கினாலும் பயனில்லை. ஷெட்டில் பிறந்த காரின் பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது.

இந்த இடத்தில்தான் குறுக்கு வழி கண் சிமிட்டுகிறது. துருப்பிடித்த பழைய ஜீப் ஒன்றை ஆர்.சி. புத்தகத்தோடு வாங்குவது. சேஸிஸ் எண் பொறித்த துண்டை மட்டும் வெட்டிப் புதிய வண்டியில் ஒட்டவைப்பது. காகிதத்தில் அது 1970களின் ஜீப். சாலையில் அது வேறு ஏதோ. ஹரியாணாவின் மண்டி டப்வாலி, பழைய பாகங்களைக் கோத்து ஜீப் உருவாக்கும் பட்டறைகளுக்கு நாடெங்கும் பெயர் பெற்ற ஊர். அப்படிப்பட்ட ஜீப்பை ஆசைப்பட்டு வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எஞ்சின் எப்படி என்பதல்ல, காகிதம் எப்படி என்பதுதான்.

காரணம், சட்டம் இறுகிவிட்டது. 2000ம் ஆண்டில் திருத்தப்பட்ட பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அடங்கிய உச்ச நீதிமன்ற பெஞ்ச் இதை உறுதி செய்தது. மாநில விதிகள் இடம்கொடுத்தாலும், மூல வடிவமைப்பை மீறிய மாற்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம் என்று விதித்தது. எண்ணை வெட்டி ஒட்டுவது அதற்கும் மேலே: போலி ஆவணக் குற்றம்.

அபராதம்கூடப் போகட்டும். அப்படிப்பட்ட வண்டி ஒருநாள் யார் மீதாவது மோதிவிட்டால் என்ன ஆகும்? இன்ஷூரன்ஸ் இருப்பது காகிதத்தில் உள்ள ஜீப்புக்கு. கம்பெனி தகராறு செய்யும். நஷ்ட ஈட்டுச் சுமை கடைசியில் உரிமையாளர் தலையில் விழலாம். கார் கட்டிய ஆசைக்கு வீட்டை விற்க நேரிடலாம்.

கையால் கார் செய்யும் ஆசை நம்மவர்களுக்குப் புதிதல்ல. கோவையில் ஜி.டி. நாயுடு 1952ல் இருவர் செல்லும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை ரூ. 2,000. அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் நின்றுபோனது. அதே கோவையில் கரிவரதன் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். மாருதி எஞ்சினைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்களை வடிவமைத்தார். பந்தய மைதானம் பொதுச் சாலை அல்ல. அங்கே ஆர்.டி.ஓ. நம்பர் தேவையில்லை. 1995ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெங்களூரிலும் உதாரணங்கள் உண்டு. 1998ல் இந்த ஊர் சான் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஸ்டார்ம்' என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகப்படுத்தியது. ஃபைபர் கிளாஸ் உடம்பு, ரெனோ எஞ்சின். 2001ல் சேத்தன் மைனியின் 'ரேவா' மின்சாரக் கார் இங்கேதான் விற்பனைக்கு வந்தது. இவை சாலைக்கு வந்ததற்குக் காரணம், பின்னால் ஒரு நிறுவனமும் சோதனைச் செலவைத் தாங்கும் முதலீடும் இருந்ததுதான். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை.

2021 டிசம்பரில் மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் ஒரு பட்டறைக்காரர், பழைய இரும்பை வைத்து சுமார் ரூ. 60,000 செலவில் செய்த குட்டி ஜீப் நாடெங்கும் பேசப்பட்டது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா பாராட்டினார். கூடவே, இது விதிகளுக்குள் வராது, அதிகாரிகள் என்றாவது நிறுத்திவிடுவார்கள் என்றும் சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு பொலேரோ தந்தார். அந்தக் குடும்பத்துக்குச் சட்டப்படி ஓடும் வண்டி கிடைத்தது. ஆனால் சொந்தமாகச் செய்த வண்டி காட்சிப் பொருளாகிவிட்டது.

வேறு நாடுகளில்? பிரிட்டனில் லோட்டஸ் செவன் காலத்திலிருந்தே பெட்டியில் பாகங்களாகக் கார் வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்வது ஒரு பொழுதுபோக்கு. அங்கே தனி ஒரு காருக்கான பரிசோதனை இருக்கிறது. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, புகை, கூர்மையான முனைகள் என்று ஆய்வாளர் பார்ப்பார். காரை நொறுக்க மாட்டார். தேறினால் பதிவு உண்டு. பாகங்களின் வயதும் பூர்வீகமும் தெளிவில்லை என்றால் 'க்யூ' எழுத்தில் தொடங்கும் நம்பர் தருவார்கள். பின்னால் வாங்குபவர் ஏமாற மாட்டார்.

நம் சட்டத்தில் கதவே இல்லை என்று சொல்ல முடியாது. பிரிவு 110, சில வாகனங்களுக்கு விதிவிலக்கு அளிக்க அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் ஒற்றைக் காருடன் வருபவருக்கென்று ஒரு கவுன்ட்டர் இல்லை.

அதிகாரிகளின் பயத்தையும் அலட்சியப்படுத்த முடியாது. 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். வெல்டிங் விட்டுப்போன ஸ்டீயரிங்குடன் ஒரு கார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் யார் பொறுப்பு? கேள்வி நியாயமானது. ஆனால் பரிசோதித்துத் திருப்பி அனுப்புவது வேறு, பரிசோதிக்கவே மறுப்பது வேறு. இரண்டாவது வழி, ஆசைக்காரரைப் போலி காகிதத்தின் பக்கம் தள்ளுகிறது. அப்போது யாரும் பரிசோதிக்காத வண்டிதான் சாலையில் ஓடுகிறது.

அதுவரை ஸ்பேனர் பிடித்த கைகளுக்கு நேர்மையான வழிகள் சில இருக்கின்றன. தொழிற்சாலையில் பிறந்து ஆர்.சி. உள்ள பழைய காரை அதன் மூல வடிவிலேயே புதுப்பிக்கலாம். 50 வயது தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருந்தால், 2021ல் வந்த விதிகளின்படி 'விஏ' எழுத்துகள் கொண்ட நம்பர் கிடைக்கும். கட்டணம் ரூ. 20,000, பத்தாண்டுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாம், தினசரி ஆபீசுக்குப் போக முடியாது. பெட்ரோல் காரை மின்சாரக் காராக மாற்றவும் சட்டம் இடம் தருகிறது, அங்கீகாரம் பெற்ற கிட் என்றால். இரண்டும் இல்லையென்றால் பந்தயத் தளம் அல்லது சொந்தத் தோட்டம்.

கார் கட்ட ஆசைப்படும் ரிச்சர்ட்ஸ் டவுன்காரருக்கு ஒரே யோசனை: முதல் வெல்டிங்குக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். "முடியாது" என்ற பதில் வந்தாலும் நஷ்டம் ஒரு பேருந்து டிக்கெட்தான். கார் தயாரான பிறகு அதே பதில் வந்தால், தார்ப்பாய் போர்த்திய கார்கள் நிற்கும் தெருவில் இன்னொன்று கூடும்.