மலையும் அணங்கும்: பினாங்கு ஓவியங்களைத் தமிழால் காணுதல்

ஐரோப்பிய மலை ஓவியம் என்றவுடன் ஆல்ப்ஸ் சிகரங்களே நினைவில் எழுகின்றன. 1802-இல் டர்னர் அங்குச் சென்று வரைந்து திரும்பினார். 1824-25-இல் ‘வாட்ஸ்மன்’ சிகரத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய காஸ்பர் டேவிட் பிரீட்ரிக்கோ ஆல்ப்ஸ் மலையை நேரில் கண்டவரே அல்லர்! மாணவர் ஒருவரின் நீர்வண்ணப் படமும், ஹார்ஸ் மலையில் தாமே வரைந்த கோட்டுப் படங்களும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

அக்காலத்து எண்ணெய் வண்ண மலைக்காட்சிகள் நம் நாட்டிலும் உள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளரான கேப்டன் ராபர்ட் ஸ்மித் பினாங்கில் பணியாற்றிய காலத்தில் தீட்டிய அவற்றுட் பல, பினாங்கு மாநில அரும்பொருளகத்தின் உடைமையாகும். அவற்றை அச்சுக்குச் செதுக்கி 1821-இல் இலண்டனில் வெளியிட்டவர் வில்லியம் டேனியல். அவர் வேறு யாருமல்லர். 1792-இல் தம் சிறிய வயதில் தந்தையின் உடன்பிறந்தாரான தாமஸ் டேனியலுடன் தென்னாட்டில் பயணம் செய்தவர். பொதிகை அடிவாரத்துப் பாபநாச அருவி அவர்கள் வழியாகவே இலண்டன் அச்சுக்குச் சென்றது.

ஸ்மித்தின் ஹாலிபர்ட்டன் குன்றுக் காட்சியைக் கருதுவோம். குன்றின் மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை அது. தாழ்நிலம், கடல், அப்பால் கெடாக் கரை எனக் கண் விரிந்து செல்கிறது. குறிஞ்சித் தலைவியின் தோழி மலையை அண்ணாந்து பார்ப்பவள். பொறியாளரின் கண்ணோ நிலத்தை அளந்து பார்ப்பது.

இத்தகைய ஓவியங்களை விளக்குகையில் ஆசிரியர்க்கு ஒரு சொல்லிடர் நேர்கிறது. எட்மண்ட் பர்க் 1757-இல் விரித்துரைத்த, அச்சம் கலந்த பேருவகைக்குத் தமிழ்ச்சொல் யாது? ‘உன்னதம்’ என்பர், அதில் அச்சம் இல்லை. ‘பேரெழில்’ என்பதோ இன்னும் மென்மையானது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் திறந்தால் வழி புலப்படுகிறது. மருட்கைக்குரிய நான்கு நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. பெருமையோடு சிறுமையும் வியப்பைத் தரும் என்பது ஓர்ந்து நோக்கத்தக்கது. மிகப் பெரியதைப் போலவே மிகச் சிறியதும் ஓரளவு இவ்வுணர்வை எழுப்பும் எனப் பர்க்கும் எழுதுகிறார். அச்சத்திற்கான நான்கனுள் முதலாவது அணங்கு.

‘அணங்கு’ என்பதையே கலைச்சொல்லாகக் கொள்ளலாமே என்பது நம் கருத்து. வருத்தும் தெய்வத்தையும் வருத்தும் அழகையும் ஒருசேரக் குறிக்கும் சொல் வேறு எளிதில் கிட்டாது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மாணவர்க்குச் சொல்லியே ஆகவேண்டும். பர்க் கூறும் உணர்வு காண்பவர் உள்ளத்தில் நிகழ்வது; இடர் சற்றுத் தொலைவில் இருந்தால்தான் அது இன்பமாகும். அணங்கோ மலையிலேயே உறைவது. தொலைவில் நின்றவரையும் அது தீண்டும்.

அவ்வளவுகோலால் பார்த்தால், வாட்ஸ்மன் சிகரத்தில் அணங்கு உண்டு. ஸ்மித்தின் குன்றில் இல்லை. கம்பெனியார் நோய் தணிந்து தேறுவதற்கென்று மாளிகை எழுப்பிக்கொண்ட மலை அது.